வியாகுலத்தின் வள்ளத்தில் விழுந்த ஓட்டை

கடல்மேல் சத்தியம், என் வாயில் மிச்சமிருக்கிற ஆறு பல்மேல் சத்தியம், ஐம்பது வருஷமாகப் பலகையை மட்டும் வெட்டி என் கட்டைவிரலை விட்டுவைத்த இந்த உளிமேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. திருக்கை மீனின் முதுகில் ஏறிப்போய்ச் சுருட்டு வாங்கி வந்தேன் என்று நான் சொன்னது பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். புயலில் பறந்துபோன எங்கள் கோயில் மணி ஒரு சுறாவின் வயிற்றுக்குள் அடித்துக்கொண்டே மூன்றாம் நாள் கரைக்கு வந்தது என்று சொன்னதிலும் அந்த மூன்றாம் நாள் என்பது மட்டும் பொய். ஆனால் வியாகுலத்தின் வள்ளத்தில் விழுந்த ஓட்டையைப் பற்றி நான் சொல்லப்போவது அத்தனையும் நடந்தது. அதை என் கையாலேயே நான் தோண்டினேன்.

எங்கள் தோப்புமுனையில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் முடிந்த பெண்ணை மாப்பிள்ளை தன் சொந்த வள்ளத்தில்தான் கூட்டிவர வேண்டும். அவள் கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டால் அதே வள்ளத்தில் போய்த்தான் அழைக்கவும் வேண்டும். பஸ் வந்து, பாலம் வந்து, ஆட்டோகூட வந்துவிட்டது. இருந்தாலும் பஸ்ஸில் அழைத்துவந்த பெண்டாட்டி விருந்துக்கு வந்தவள் மாதிரிதான், பையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருப்பாள் என்பது எங்கள் ஊர் எண்ணம்.

வியாகுலம் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான், பேசவும் மாட்டான். சோறு நன்றாக இருந்தால் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான், நன்றாக இல்லாவிட்டாலும் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பான். அவன் பெண்டாட்டி சலேத் வடக்கே ஒரு பகல் ஓட்டத்தில் இருக்கிற வேலங்கரைக்காரி, பேச்சுக்குப் பிறந்தவள். பதினொரு வருஷத்துக்கு முன் ஒரு நாள், இந்த மனுசன் வாயைத் திறக்கிறானா பார்ப்போம் என்று குழம்பில் உப்புப் போடுவதை நிறுத்தினாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒன்பது நாள் உப்பில்லாமலே வைத்தாள். ஒன்பது நாளும் அவன் தின்றான், கழுவினான், கவிழ்த்தான், படுத்தான். பத்தாம் நாள் கிளிப்பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, மீன் விற்க வந்திருந்த அண்ணன் வள்ளத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்போதும் இவன் கரையில் நின்று கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தானே தவிர ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்று மாலையே தன் வள்ளத்தைப் பனைகளுக்கு நடுவே கவிழ்த்துப் போட்டான். பதினொரு வருஷம் அது அப்படியே கிடந்தது. அவன் ஊரார் படகுகளில் ஆளோடு ஆளாகப் போய்வந்தான். ஊரில் அவனிடம் யாரும் பேசுவதில்லை. விரோதமெல்லாம் இல்லை. பதில் வராத இடத்தில் ஒருத்தர் எத்தனை தரம்தான் கேட்பார்?

இப்படி இருக்கையில் ஆவணி மாசம் ஒரு காலை, இரண்டு கரைக்கும் ஐஸ் ஏற்றிப் போகிற லாரி டிரைவர் அம்புரோஸ், சலேத் சொல்லியனுப்பியதைக் கொண்டுவந்தான். "வாடைக்காத்து எழும்புறதுக்குள்ள வள்ளத்தைக் கொண்டாந்தா வாறேன். வாடை எழும்பிட்டா வர வேணாம், இனி எப்பவும் வர வேணாம்னு சொல்லச் சொல்லிச்சு." அதைக் கேட்ட வியாகுலம் நேராக என் வீட்டுக்கு வந்தான். ஊரில் மிச்சமிருந்த ஓடாவி நான் ஒருத்தன்தான், மரவள்ளத்துக்குத் தச்சுவேலை செய்கிறவனை அப்படித்தான் சொல்வோம்.

"ஓடாவியண்ணே. வள்ளம்."

இரண்டு வார்த்தை. அவன் கணக்குக்கு அது ஒரு பிரசங்கம்.

நாலு நாள் வேலை என்று நினைத்தேன். பலகை இடுக்குகளில் பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சுத்திரி அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி ஊற்றினால் முடிந்தது. கலப்பத்து வேலை எனக்குத் தூக்கத்திலும் வரும். மூன்று பக்கமும் முடித்து, வள்ளத்தின் மூக்கான முன்னணியத்தின் இடப்பக்கம், ஒரு ஆள் பெட்டிமேல் உட்கார்ந்தால் கண் வருகிற உயரத்தில் உளியை வைத்தேன். வைக்கத்தான் செய்தேன், தட்டக்கூட இல்லை. உளி பிடிவரைக்கும் உள்ளே போய்விட்டது. உருவிப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை. உளுத்தது எவ்வளவு ஆழம் என்று பார்க்க ஒரு கண்ணை மூடி மறு கண்ணை வைத்தேன்.

கவிழ்ந்த வள்ளத்துக்குள் இருட்டும் மணலும் இருக்க வேண்டும். அங்கே வெயிலடித்தது. ஒரு முற்றம், ஒரு பூவரசு, நீல நிறத்தில் ஒரு தண்ணீர் டிரம். அம்மிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு சலேத் மடவை மீனைச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. செதில் ஒன்று கன்னத்தில் ஒட்டியிருந்தது, அதை முழங்கையால் துடைத்தாள்.

"வியாகுலம், ஒம் பொஞ்சாதி மடவை கழுவுறா" என்றேன்.

அவன் வந்து கண்ணை வைத்தான். நெடுநேரம் வைத்திருந்தான்.

"மணல்" என்றான். பிறகு, "ஒரு நண்டு" என்றான்.

நான் பார்த்தேன், மீனை வெயிலிலிருந்து நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள். அவன் பார்த்தான், நண்டு. அந்த வழியாக வந்த ரோசலியைக் கூப்பிட்டேன். ரோசலி கடற்கரையில் மீன் ஏலம் கூவுகிறவள், அவள் குரலுக்குக் காக்கை ஒதுங்கும். கண்ணை வைத்தாள், எடுத்தாள், இடுப்பில் கை வைத்து வியாகுலத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"எனக்கு நல்லாத் தெரியுதே! கூட இருந்தப்பவே பாக்காத மனுசன், ஓட்டை வழியாவா பாக்கப் போறாரு?"

அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் ஏன், எப்படி என்று கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் வள்ளத்தைச் சுற்றி அறுபது பேர் நின்றார்கள். மறுநாள் ஊர்க்கமிட்டி கூடி முறை வைத்தது. விடிந்ததும் முதல் பார்வை வள்ளத்துக்காரனுக்கு, அவனுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அது அவன் உரிமை. அதற்குப்பின் பெண்கள், வெயில் ஏறினால் ஆண்கள், சாயங்காலம் உடம்புக்கு முடியாதவர்கள். ஒருத்தர் கண்ணை வைத்தால் பின்னால் நிற்கிறவர் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லி முடிக்கும்வரை பார்க்கலாம். உட்கார மீன்பெட்டி போட்டார்கள், பெட்டிமேல் சாக்கு போட்டார்கள், மேலே ஒரு தார்ப்பாயையும் இழுத்துக் கட்டினார்கள். பங்குச் சாமியார் வந்து பார்த்தார். "அற்புதம், புதுமைன்னு மேலிடத்துக்கு எழுதுனா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. எழுதாம விட்டா ஒரு கேள்வியும் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

அப்படி என்னதான் தெரிந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் இல்லை. சலேத் பெருக்கினாள், துவைத்தாள், காரல் மீனுக்குப் புளி போடாமல் மாங்காய் போட்டாள். அன்றைக்குச் சாயங்காலமே எங்கள் ஊரில் எழுபது வீட்டுக் குழம்பில் மாங்காய் மிதந்தது. அவள் தலைக்குக் குளித்த நாளில் ஊர்ப் பெண்கள் தலைக்குக் குளித்தார்கள். அவள் கோழி காணாமல் போன அன்று தோப்புமுனையில் ஒருத்தரும் கடலுக்குப் போகவில்லை. மறுநாள் டிரம்முக்குப் பின்னாலிருந்து கோழி எழுந்து வந்தபோது வரிசை முழுக்கக் கைதட்டியது. ஒரு சத்தமும் இந்தப் பக்கம் வராது, அந்தப் பக்கமும் போகாது. அதனால் அவள் உதடசைவுக்கு ஆளுக்கொரு பேச்சைச் சேர்த்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. முற்றத்தின் நடுவில், ஓட்டைக்கு நேர் எதிரே, ஒரு மணை போட்டுக் கிடந்தது. வேலை செய்யும்போது அவள் அதில் உட்காருவதே இல்லை. வியாகுலத்துக்கு அடுத்து இரண்டாவதாகப் பார்க்கிற ரோசலிமட்டும் தினமும் சொல்லுவாள்: "நான் கண்ண வைக்கிற நேரம் அந்த மணையில இருந்துதான் எந்திரிக்கிறா. தலை சீவியிருக்கு, முந்தானையால கண்ணத் தொடைக்கிறா. காலங்காத்தாலயே வெங்காயம் உரிக்கிறா போல." நாங்களும் வெங்காயம் என்றே வைத்துக்கொண்டோம்.

வியாகுலம் கொஞ்சம் தள்ளி ஒரு கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருப்பான். விடிந்ததும் கண்ணை வைப்பான், மணலைப் பார்ப்பான், நண்டைப் பார்ப்பான், எழுந்து கூடைக்குப் போவான். பதினொரு வருஷமாக அவனோடு பேசாத ஊர், இப்போது பார்த்துவிட்டு எழுகிறவர்கள் எல்லாரும் அவனிடம் போய் ஒன்று சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். "இளைச்சிருக்கா வியாகுலம்." "இளைக்கலையே, பூசினாப்லல்ல இருக்கா." அவனும் முதல்தடவையாகக் கேள்வி கேட்டான். மூக்குத்தி போட்டிருக்கிறாளா? இடதுகையில் அந்தத் தீக்காயம் ஆறிவிட்டதா? மழைக்கு ஒழுகுகிற கூரையா? இரக்கப்பட்டவர்கள் கூட்டிச் சொன்னார்கள். கடலைப் பார்த்து நின்றாள் என்றார்கள், உன் பெயரைச் சொன்னாள் என்றார்கள். அடுத்தடுத்துப் பார்த்த இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். கூட்டம் கலைந்தபின் அவன் அந்தக் கூடைமேல் இருந்தபடியே வள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவ்வளவு பேர் சொல்லிவிட்டுப் போனபின்பு ஒருவன் அவ்வளவு தனியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஓட்டையை அடைக்க வேண்டுமே? அந்தப் பேச்சை எடுத்தாலே ஊருக்கு வேறு வேலை வந்துவிடும். குங்கிலியம் கடையில் தீர்ந்துபோனது. வாங்கி வைத்திருந்த செப்பாணிகளைக் காணோம். பஞ்சுத்திரி இருந்த சாக்கில் ரோசலியின் பூனை குட்டி போட்டது. அந்தப் பூனையை ரோசலியே தூக்கிக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். சும்மா அவர்களைச் சொல்வானேன். பெட்டிமேல் அறுத்து வைத்த மாற்றுப் பலகை ஒரு விரல் குறைந்துபோனது. ஐம்பது வருஷத்தில் அதுவே முதல்தடவை. வேறு பலகை அறுத்தேன், அதுவும் ஒரு விரல் குறைந்தது. மூன்றாவது பலகை அளவு சரியாக வந்துவிட்டது, அதை என் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் வரிசை சாப்பிடக் கலைந்ததும் நான் தூக்குவாளியைத் திறந்துகொண்டு ஓட்டைக்கு முன்னால் உட்காருவேன். அந்நேரம் அவளும் சாப்பிட உட்காருவாள். அவள் ஒரு வாய் எடுத்தால் நானும் ஒரு வாய், அவள் தண்ணீர் குடித்தால் நானும். என் வீட்டில் இருபது வருஷமாக நான் ஒருத்தனுக்குத்தான் உலை வைக்கிறேன். ஊருக்கெல்லாம் கதை சொல்கிறவன் வீட்டுக்குப் போனால் கேட்க ஆளில்லை. இதற்குமேல் இதைப்பற்றிக் கேட்காதீர்கள்.

புரட்டாசி தேய்ந்தது. தெற்கிலிருந்து வந்துகொண்டிருந்த காற்று நடுநடுவே நின்று மூச்சு வாங்கியது. ஒரு மாலை வியாகுலம் என்னிடம் வந்தான்.

"ஓடாவியண்ணே, ஊர்லயே பெரிய பொய்யன் நீங்கதான்."

"இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"அதான் ஒங்ககிட்ட வந்தேன். மத்தவுக பொய் சொல்லிப் பழகாதவுக, அவுக சொல்றதுல எது பொய்யின்னு எனக்குப் பிடிபடல. நீங்க சொன்னாத் தெரிஞ்சிரும். அவ எனக்காகக் காத்திருக்காளா, இல்ல சும்மா சொல்லிவிட்டாளா? பாத்துச் சொல்லுங்க. காத்திருக்கான்னா நாளைக்கே போறேன். இல்லன்னா இந்த வள்ளத்த வெறகுக்கு ஒடைச்சிருங்க."

பதினொரு வருஷத்தில் அவன் பேசிய மொத்தத்தையும்விட அது அதிகம். மறுநாள் முதல் பஸ்ஸில் குங்கிலியம் வாங்க டவுனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

விடிந்தது. முதல் பார்வைக்கு ஆள் இல்லை. ரோசலி இன்னும் வரவில்லை. அவன் முறையை நான் எடுத்துக்கொண்டேன். கேட்டதைப் பார்த்துச் சொல்லத்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கண்ணை வைத்தேன்.

சலேத் அந்த மணையில் உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் தடவிச் சீவிய தலை, ஒரு துண்டுப் பூ, மடியில் கைகள். நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்ப்பது என்றால் வீட்டுக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல அல்ல, சாப்பிட உட்கார்ந்த ஆளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்களே, உப்பு சரியா என்று சொல்வானா என்று, அப்படி. ஒரு கணம்தான். கண் மாறியிருப்பதைக் கண்டுகொண்டாள். முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். எழுந்து கிட்டே வந்தாள், இன்னும் கிட்டே வந்தாள். அவள் கண்ணும் என் கண்ணும் ஒரு பலகை கனத்தில் நின்றன. அவனுக்கென்று வைத்திருந்த விடியலில் வந்தது அவன் கண் இல்லை என்று அவளுக்கு உறுதியாயிற்று.

நாற்பது நாளாக விடியற்காலையில் அவன் மணலையும் நண்டையும் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம், அவள் அந்த மணையில் உட்கார்ந்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அது வெங்காயம் இல்லை.

உள்ளே போனாள். ஒரு துணியோடு வந்தாள். ஓட்டை இருண்டது.

விரலால் தொட்டேன். நல்ல இறுக்கமாக அடைத்திருந்தாள். நானே அடித்திருந்தாலும் அவ்வளவு இறுகியிருக்காது.

ரோசலி வந்து பார்த்தாள், ஊர் வந்து பார்த்தது. ஒருத்தரும் அழவில்லை, ஒருத்தரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் தார்ப்பாய் அவிழ்ந்தது, சாக்கு போயிற்று, பெட்டி மீனுக்குப் போயிற்று. காணாமல்போன செப்பாணிகள் வள்ளத்தின்மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் இருந்தன. பூனையும் குட்டிகளோடு வேறிடம் போய்விட்டது.

பத்து மணிக்கு வியாகுலம் குங்கிலியத்தோடு வந்தான். வள்ளத்தைச் சுற்றி யாருமில்லாததைப் பார்த்து அங்கேயே நின்றான். பிறகு வந்து குனிந்தான். ஓட்டையில் பச்சையாக ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தொட்டான்.

"இது அவ சேலை. போன அன்னைக்குக் கட்டியிருந்தது."

நாற்பது நாளில் அந்த ஓட்டையில் அவளுடையதாக அவன் கண்ணுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

"என்ன பாத்தீங்க?"

உண்மையைச் சொன்னேன். அவள் ஒவ்வொரு விடியலும் தலை சீவி, பூ வைத்து, உனக்கு எதிரே உட்கார்ந்து உன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றேன். முறை திருடியதைமட்டும் சொல்லவில்லை. அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான். வியாகுலம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான், அதுவும் பார்க்கிற மாதிரி இல்லை.

"பொய்யண்ணே. நல்ல பொய்யி. ஆனா அவ அப்படி ஒக்காரக்கூடிய ஆளில்ல." கோடாலி எங்கே என்று திரும்பிப் பார்த்தான். "ஒடைச்சிருவோம்."

என் ஆயுசில் உண்மை சொல்லி மாட்டிக்கொண்டது அந்த ஒரு தரம்தான். தெரிந்த தொழிலுக்கே திரும்பினேன்.

"சரி, சொல்லிடுறேன், கோவிச்சுக்காத. ஒன்னையப் பிடிச்சுத் திட்டித் தீத்துட்டா. சத்தம் கேக்கலைன்னாலும் வாய் அசையுறது எனக்குத் தெரியாதா? இத்தன நாளா ஒரு ஓட்டைய அடைக்கத் துப்பில்ல, ஊரையே கூட்டி வேடிக்க காட்டுறியா, நானே அடைச்சுத் தாறேன், ஏறி வந்து சேருன்னுட்டு அந்தச் சேலையக் கிழிச்சு அடைச்சா. இன்னும் என்னென்னமோ சொன்னா, நான் சொல்ல மாட்டேன்."

"திட்டுனாளா?"

"ஒங்க அப்பனையும் சேத்து."

அவன் முகம் மாறியது. கோடாலியைக் கீழே வைத்தான். "அப்பச் சரி" என்றான். "அது அவதான். பலகையக் கொண்டாங்க."

கட்டிலுக்கடியிலிருந்து மூன்றாவது பலகையைக் கொண்டுவந்தேன். உளுத்த துண்டை ஓட்டையோடும் துணியோடும் சதுரமாக அறுத்து எடுத்துவிட்டு அதைப் பொருத்தினேன். நூல் பிசகாமல் உட்கார்ந்தது. பஞ்சு அடித்தேன், குங்கிலியம் ஊற்றினேன். இரண்டு நாள் காய்ந்தது. மூன்றாம் நாள் ஊரே கூடி வள்ளத்தை நிமிர்த்தித் தண்ணீருக்குத் தள்ளியது. ரோசலி ஏலக்குரலில் "தள்ளு, தள்ளு" என்று கூவினாள். ஒரு பானைக் குடிதண்ணீரும் மாங்காய் ஒரு கூடையும் அவளே ஏற்றிவிட்டாள். ஒட்டுப் போட்ட பாயில் கடைசித் தென்காற்று ஏறியது. நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பாய் நகக்கண் அளவாகிற வரைக்கும் பார்த்தோம். அன்று சாயங்காலமே வாடை எழும்பிவிட்டது.

பத்து நாள் கழித்து ஐஸ் லாரி வந்தது. அம்புரோஸைச் சுற்றிக்கொண்டோம். வேலங்கரை மணலில் வியாகுலத்தின் வள்ளம் ஏற்றிவைத்திருப்பதைப் பார்த்தானாம். பக்கத்துச் சந்தில் ஒரு வீட்டில் பெரிய சண்டையாம், தெருவே எட்டிப் பார்த்ததாம். குழம்பில் உப்பில்லை என்று ஒரு ஆம்பளை தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தானாம், ஒரு பொம்பளை விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

அடுத்த தென்காற்றுக்கு வருவார்கள் என்றார்கள். இரண்டு தென்காற்று போய்விட்டது, வரவில்லை. சந்தோஷமாக இருக்கிறவர்களுக்கு எங்கள் ஊர் எதற்கு? தோப்புமுனையில் இப்போது மத்தியானங்கள் மிக நீளம். காரலுக்கு மறுபடி புளியே போடுகிறார்கள். மாங்காய் எத்தனை துண்டு என்பது யாருக்கும் சரியாக நினைவில்லை.

அறுத்தெடுத்த அந்தத் துண்டுப் பலகை என்னிடம் இருக்கிறது. சுவரில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். துணியை நான் உருவவில்லை, உருவவும் மாட்டேன், அடைத்தது அவள். ஆனாலும் தினம் விடிந்ததும் மிச்சமிருக்கிற மயிரைச் சீவிக்கொண்டு, அதன் எதிரே ஒரு மணை போட்டு உட்காருகிறேன். கொஞ்ச நேரம்தான். அப்புறம் எழுந்து அடுப்புப் பற்ற வைக்கிறேன். வெங்காயம் உரிக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் வேலங்கரைப் பக்கம் போனால் இந்தக் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள். ஓட்டையைச் சொல்லுங்கள், கோழியைச் சொல்லுங்கள். அந்தக் கடைசி விடியலில் கண்ணை வைத்தது யார் என்று அவள் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு இதைச் சொன்னது யார் என்று அவன் கேட்டாலும் அப்படியே. வழியில் யாரோ ஒரு கிழவன் சொன்னான், ஊர் பேர் கேட்க மறந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். ஓடாவி கஸ்பார் என்கிற பெயரே உங்கள் காதில் விழுந்ததில்லை.